பெயரைக் கேட்டு எழுதிய இனம்

புற்றுநோய்ப் பதிவகத்தில் அவளைப் 'பூதக்கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிகள் அனுப்பும் கோப்புகளைப் படித்து, யாருக்கு, எங்கே, எந்தக் கட்டத்தில் நோய் தெரியவந்தது என்று கணினியில் ஏற்றுவது அவள் வேலை. ஒரு தேதி இடித்தாலும் போன் போட்டு உயிரை எடுத்துவிடுவாள்.

அக்கா செத்த வாரமே வேலைக்கு வந்துவிட்டாள். "வீட்ல உட்கார்ந்து என்ன கிழிக்கப்போறேன்?" என்றாள்.

மார்பில் கட்டி என்று அக்கா போனபோது, பால் கட்டியிருக்கும் என்றார் டாக்டர். கடைசிப் பிள்ளை அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அடுத்த முறை, பாரம் தூக்கிய சுளுக்கு என்றார். ஸ்கேன் எடுக்கச் சொன்ன நேரத்தில் நோய் எலும்புவரை போய்விட்டது. கறுப்பினப் பெண்களுக்கு இப்படித்தான் இழுத்தடிக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பதிவகத்தின் ஆண்டறிக்கை மட்டும், நோய் தெரியவரும் கட்டத்தில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தக் கணக்கில் இயக்குநருக்கே சந்தேகம். பழைய கோப்புகள் சிலவற்றைக் குலுக்கிப்போட்டு எடுத்து, மறுபடி சரிபார்க்கச் சொன்னார். அவள் மேஜைக்கு வந்த கோப்புக்கட்டில் அக்காவும் இருந்தாள்.

இனம்: வெள்ளையர்.

அக்கா கணவரின் குடும்பப் பெயர் வெள்ளைக்காரப் பெயர் மாதிரி ஒலிக்கும். சேர்க்கைச் சீட்டு எழுதியவர் தலைநிமிராமல் பெயரை மட்டும் கேட்டு எழுதியிருக்கிறார்.

சொந்தக்காரர் கோப்பைத் தொடக்கூடாது என்பது விதி. எதிர் மேஜைக்காரியிடம் தள்ளினாள்.

"நீயே மாத்திடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல? முறைப்படி கேளு."

எதிர் மேஜைக்காரி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "நோயாளி உங்களுக்கு என்ன உறவு?"

"கூடப்பிறந்த அக்கா."

"இனம்?"

"என் மூஞ்சியப் பாத்தாத் தெரியல?"

"பாத்து எழுதக்கூடாதுன்னு நீதானடி சொல்லுவ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது. "கறுப்பினம்."

திருத்தி ஏற்றிவிட்டு அழுதது எதிர் மேஜைக்காரிதான். பூதக்கண்ணாடிதான் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். மதியச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். உப்பு இருந்ததா, காரம் இருந்ததா என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

சரிபார்த்து முடிக்கையில், அக்காவைப் போல வெள்ளையர் கணக்கில் இடம் மாறிக்கிடந்த கறுப்பினத்தவர் ஏகப்பட்ட பேர். அவர்களைத் திரும்பச் சேர்த்ததும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. இயக்குநர் மூடிமறைக்கவில்லை. திருத்திய அறிக்கையை வெளியிட்டார். இனத்தை நோயாளியிடமே கேட்டு எழுத வேண்டும் என்று ஆஸ்பத்திரிகளுக்கு உத்தரவும் போனது.

"உங்களுக்குக் கொஞ்சமாவது ஆறுதலா இருக்கும்," என்றார் அவளிடம்.

"இருக்கணும், சார்."

சாயங்காலம் அக்கா கணவருக்குப் போன் செய்து சொன்னாள்.

"மாத்தி என்னம்மா ஆகப்போகுது?"

"கணக்கு சரியாகும், மாமா."

"சரி. அவ துணியெல்லாம் பீரோலயே இருக்கு. என்ன பண்றதுன்னு தெரியல."

ஞாயிற்றுக்கிழமை போனாள். ஒவ்வொரு உடையாக எடுத்து, உதறி, மடித்து, பெட்டியில் அடுக்கினாள். மாமா வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். நடுவில் ஒரு நீலக் கவுனை முகத்தில் வைத்துப் பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. அதையும் மடித்தாள்.