பேட்ச் ஒட்டிக்கொண்டு ஒரு நவராத்திரி

அடையாறில் ஒரு மருத்துவமனையின் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு ஒன்றும் இல்லை என்று கணவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்போதாவது நெஞ்சு தாளம் தப்பும். ஒரு வாய் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும். அறுபத்தெட்டு வயதில் இதுகூட இல்லாமலா? என் அக்காவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முடங்கியது. அதன் பிறகுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது, அங்கே உறையும் ரத்தம் மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம்) என்ற பெயரையே நாங்கள் கேள்விப்பட்டோம். வாய் ஓயாமல் பேசியவள் இன்று ஒரு சொல்லுக்குப் போராடுகிறாள். நான் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். பேச்சு போனால் எனக்கு என்ன மிச்சம்? அந்தப் பயம்தான் என்னை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தது.

டாக்டர் சின்னப் பெண். இடது மார்புக்கு மேலே ஒரு பேட்ச் (துடிப்பைத் தொடர்ந்து பதியும் சிறு கருவி) ஒட்டினார். இரண்டு வாரம் கழற்றக் கூடாது, படபடப்பு வந்தால் அதன் நடுவில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும் என்றார்.

மயிலாப்பூர் வீட்டில் அது பரீட்சையாகிவிட்டது. காபி நின்றது, கோலம் நின்றது, கோயிலுக்கு நடப்பது நின்றது. பாட்டு வகுப்புக்கு விடுமுறை. சமையலறைப் பக்கம் போனால் கணவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. அவர் தெருவெல்லாம் தண்டோரா போடாத குறை.

டாக்டருக்குத் திருப்தியில்லை. இரண்டு வாரமும் எப்போதும் போல இருந்தேனா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"ஒரு துரும்பைக்கூட அசைக்க விடலை டாக்டர். தாங்கு தாங்குன்னு தாங்கிண்டிருந்தேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "சார், அம்மா தினமும் வாழற வாழ்க்கையில ஹார்ட் எப்படி இருக்குன்னு பார்க்கத்தான் இதை ஒட்டினேன்."

கணவர் முகம் சுண்டிப்போயிற்று. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நல்ல மார்க் வாங்க நானும்தானே ஆசைப்பட்டேன்.

இரண்டாவது பேட்ச் நவராத்திரி சமயத்தில் வந்தது. தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். அதுதான் சரியான சமயம் என்றார் டாக்டர். கொலுப்படி கட்டினேன், சுண்டல் தாளித்தேன், மாட வீதிக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்தேன். எதைச் செய்தாலும் ஒரு காது நெஞ்சிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடம் நிறையப் பெண்கள். அக்கா அசோக் நகரிலிருந்து சக்கர நாற்காலியில் வந்து, என் பக்கத்தில் இருந்தாள். நான் பாடிக்கொண்டிருந்தேன். சரணத்தில் மூச்சு பிடிபடவில்லை. நெஞ்சுக்குள் கடுகு வெடிக்கிற மாதிரி படபடவென்று அடித்தது. படபடப்பு நிற்கவில்லை. கை பேட்ச் பக்கம் போய்ப் பாதியில் நின்றது. அழுத்தினால் இத்தனை பேர் முன்னால் நான் நோயாளி. வெற்றிலை பாக்கு கொடுத்து எல்லோரையும் அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையால் என் கையை இழுத்து, புடவைக்கு மேலேயே பேட்சின் மீது வைத்தாள். அவள் உதடுகள் வெகுநேரம் கோணிக்கொண்டு தவித்தன.

"அமுக்கு" என்றாள்.

அமுக்கினேன்.

அந்தப் பதிவில் பிடிபட்டது. அக்காவுக்கு வந்த அதே கோளாறு, ஆனால் பக்கவாதத்துக்கு முன்பே. ரத்தம் எளிதில் உறையாமலிருக்க மாத்திரை தொடங்கினார்கள். துடிப்பு இன்னமும் சில நாள் தப்புகிறது. இதைப் படிப்பவர்களில் யாராவது பேட்ச் ஒட்டிக்கொண்டிருந்தால், தயவுசெய்து சமர்த்தாக இருக்காதீர்கள்.

இப்போது காய் நறுக்கும்போது கத்தி பட்டால் ரத்தம் நிற்கக் கொஞ்சம் நேரமாகிறது. துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். முன்பென்றால் எரிச்சல் வந்திருக்கும். இப்போது, அது சீக்கிரம் உறையவில்லை என்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருக்கிறது.