ஆளுக்கொரு ஃப்ளாப்பி

சின்ன வேலையொன்றைக் கொடுத்தால், யார் முதலில் முடித்துக்கொண்டு வருகிறாரோ அவர்தான் கெட்டிக்காரர் என்று நம்பியவன் நான். நம்பியதோடு விட்டேனா, நண்பர்களிடம் மேசையைத் தட்டி வேறு சொன்னேன்.

தொண்ணூறுகளின் கடைசி. மயிலாப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிறுதோறும் கூடுவோம். தமிழில் தட்டச்சு செய்ய ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், காசு கிடையாது. கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கோடை முழுக்கப் பழக்குவதாகத் திட்டம். பழக்கப்போகிறவன் நான். வாழ்க்கையில் முதல்முறையாக என்னையும் ஒருவர் ‘சார்’ என்று கூப்பிடப்போகிற சந்தர்ப்பம்.

விண்ணப்பித்தவர்களுக்கு, மென்பொருளில் நான் எழுதிய பகுதியைப் போட்டு ஆளுக்கொரு ஃப்ளாப்பி கொடுத்தேன். நீளமான வரியை அச்சிட்டால் கடைசி எழுத்து விழுவதில்லை. அதைச் சரிசெய்ய வேண்டும். முடித்ததும் எனக்கு மெயில் அனுப்பலாம்; அடுத்த ஞாயிறு கெடு.

மறுநாளே தி.நகர் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். மெயில் இல்லை. வெளியே வந்து டீ குடித்தேன், மறுபடி உள்ளே போனேன். அதற்கடுத்த நாளும் அதே கதை.

“இன்னாபா, சும்மா சும்மா வந்து பாத்துகினு கீறே? பொண்ணு ஊட்ல பதில் சொல்லலியா?” என்றார் கடைக்காரர்.

வேலை ரொம்பக் கஷ்டமோ? ரொம்ப லேசாகப்போய், அவமானப்பட்டுவிட்டார்களோ? எல்லோருமாக என் புரோகிராமைப் படித்துச் சிரிக்கிறார்களோ? பனகல் பார்க்கைச் சுற்றி நடக்கும்போது அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கவே கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள், வெறுங்கையோடு. “முடியல சார்” என்று தரையைப் பார்த்தார்கள். அடையாறிலிருந்து வந்த மாணவி மட்டும் என்னைப் பார்த்தாள்.

“சார், திருத்தறது இருக்கட்டும். இது ஓடவே மாட்டேங்குது. ஏன்னு நேத்துதான் கண்டுபிடிச்சேன். ஃபான்ட் ஃபைல் ஃப்ளாப்பியில இல்ல. உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல போய்த் தேடுது.”

“என் வீட்லயா? உனக்கெப்படித் தெரியும்?”

“அது தேடுற ஃபோல்டருக்கு உங்க பேர்தான் சார் வெச்சிருக்கீங்க.”

“அதுவும் டெஸ்ட்டுல ஒரு பார்ட்டுன்னு நினைச்சோம் சார்” என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

எங்கள் ஞாயிறு கூட்டத்து நண்பன் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “மச்சி, அப்போ பாஸாகணும்னா எல்லாரும் உன் வீட்டு வாசல்ல க்யூவுல நிக்கணுமா? உங்கம்மா காபியாவது குடுப்பாங்களா?”

இடம் அவளுக்குக் கிடைத்தது. கோடை முழுக்க அவளைப் பழக்கியவன் அந்த நண்பன்.