படத்தில் அவன் சாகவில்லை

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார் என்ற செய்தி, தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருந்த காலை வேளையில் என்னிடம் வந்தது. சொன்னது எங்கள் ஊர் லகாட் சந்தையில் காய்கறி விற்கும் முருகாயி. "பத்து காஜா ஸ்டெல்லாக்கா தவறிப் போச்சாம்லா" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. "நீ பாத்தியா? யாரு சொன்னா? சொன்னவங்க பாத்தாங்களா?" என்று அடுக்கினேன். முருகாயி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அக்காவோடு பழகியவர்கள் வேறு எப்படிக் கேட்பார்கள்? அக்காவின் ஊரான பத்து காஜாவுக்குப் போய், கூடத்தில் கிடத்தியிருந்த முகத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது குடும்பம் பத்து காஜாவுக்கு வந்தது. ஈப்போவில் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து மெஷின். அவர் காலர் தைப்பார், நான் கை தைப்பேன். கணவர் அருளப்பன் சார் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். சினிமா பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று மேடை கிடைத்தபோதெல்லாம் பேசியவர். அக்காவோ ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி, தனியாகவே ஈப்போவுக்கு மேட்னி பார்க்கப் போய்விடுவார். எழுபதுகளில் அதற்கே ஒரு துணிச்சல் வேண்டும்.

எங்களில் பலருக்கு மாதத்தில் ஒரு படம்தான் வாய்க்கும். பிள்ளைகளை யாரிடமாவது விட்டு, மாமியாரிடம் கெஞ்சி, சேர்ந்து கிளம்ப வேண்டும். தப்பான படமாகப் போனால் அடுத்த மாதம்வரை அதே வயிற்றெரிச்சல். அதனால் வியாழக்கிழமை பத்திரிகையில் 'கடைசி வரிசை' என்ற புனைபெயரில் வந்த விமர்சனத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். சாப்பாட்டு நேரத்தில் சரோஜா உரக்கப் படிப்பாள். அவர் நல்ல படம் என்றால் போவோம், இல்லையென்றால் இல்லை.

அக்காவுக்கு அந்த ஆளை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. "யாரு இவன்? எந்தக் கொட்டகையில உக்காந்து பாக்கறான்? டிக்கட்டு வாங்கினானா, ஓசியில போனானா? ஒன்னும் தெரியாம அவன் பின்னால ஓடுறீங்களே" என்பார். அதே படத்தைப் பற்றி அக்கா திங்கட்கிழமையே சொல்லியிருப்பார். நாங்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டோம். வியாழக்கிழமை அதையே பத்திரிகை சொன்னதும், "அக்கா, நீங்க சொன்னது சரிதான்லா, பேப்பர்லயே போட்டிருக்கு" என்று சரோஜா சிரிப்பாள். அக்கா சிரிக்க மாட்டார். "அது எப்படி ஒவ்வொரு வாரமும் நான் நெனைச்சதையே அவனும் நெனைக்கிறான்?" என்று என்னிடம் கேட்பார். ஒருமுறை கதாநாயகியின் மூக்குத்தி ஒரு காட்சியில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் இருந்ததை அக்கா சொல்லியிருந்தார். அந்த வியாழன் மூக்குத்தியும் அச்சில் வந்துவிட்டது. அன்றோடு எங்களுக்குக் கதை சொல்வதை நிறுத்திக்கொண்டார். "பேப்பரையே பாத்துக்குங்க" என்றார்.

என்னிடம் மட்டும் தொடர்ந்து சொன்னார். அப்படி ஒரு ஞாயிறு, நல்ல மழை. பஸ் வழியில் நின்றுவிட, அக்கா போனபோது படம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசாத கதை. எதனால் பிரிந்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. சொத்துத் தகராறாக இருக்கும் என்று தானே வைத்துக்கொண்டார். தாமதமாகப் போனதைச் சொல்ல வெட்கப்பட்டு, முழுப் படத்தையும் பார்த்தவர்போல என்னிடம் கதை சொன்னார். வியாழக்கிழமை 'கடைசி வரிசை' எழுதினார்: சொத்துக்காக அடித்துக்கொள்ளும் சகோதரர்கள், அரைத்த மாவு. நாங்கள் போகவில்லை. அடுத்த வாரம் கொட்டகையிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள்.

தாய்வீட்டுக்குத் தெலுக் இந்தான் போயிருந்த சரோஜா அங்கே அதே படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். "சொத்தா? எவன் சொன்னது? முதல் காட்சியிலயே அண்ணன்காரன் அம்மாவ ஆஸ்பத்திரியில விட்டுட்டு ஓடிப் போறான்லா! அதுதான் படமே. நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அநியாயமா கோட்டை விட்டோம்" என்றாள். அக்காவின் மெஷின் நின்றது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குப் புரிய மதியம்வரை ஆயிற்று. பத்திரிகையின் மகளிர் பக்கத்தில் அப்போது என் கதைகள் இரண்டொன்று வந்திருந்தன. தொழிற்சாலையிலேயே பேனா பிடிக்கிறவள் நான் ஒருத்திதான். "சொத்துத் தகராறுன்னு நானா கட்டின கதைய ஒனக்குச் சொன்னேன். அது பேப்பர்ல எப்படி வந்துச்சு பார்வதி?" என்றார். நான் எழுதவில்லை என்று என் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தேன். "சத்தியம் பண்றவங்களத்தான் நம்பக் கூடாது" என்று எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. மற்ற பெண்களும் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். எனக்கோ எல்லார்மீதும் சந்தேகம். யார் எழுதுகிறார்கள், யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி கை தைத்தேன். தையல் கோணிப்போய் ஏச்சு வாங்கினேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் உள்ளே போகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. "பார்வதி, ஒன்னச் சந்தேகப்பட்டேன். தப்பு. நீ இல்ல" என்றார். பிறகுதான் உட்கார்ந்தார். என்னோடு பேச்சு இல்லாத நாட்களில் அவர் கதை சொன்னது ஒரே ஒருவரிடம்தான்; அப்போதும் அது அப்படியே அச்சில் வந்திருக்கிறது. போன ஞாயிறு வேண்டுமென்றே, கடைசியில் கதாநாயகன் செத்துவிட்டான் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். உண்மையில் அந்தப் படம் கல்யாணத்தில் முடிகிறது. நேற்றைய பத்திரிகையில் 'கடைசி வரிசை' அந்தச் சாவுக்காக உருகி எழுதியிருந்தார்.

"யாருக்கா அது?"

"வா. நீ சாட்சி."

பத்து காஜா வீட்டில் அருளப்பன் சார் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். அக்கா உட்காரவில்லை.

"படத்துல அவன் சாகல" என்றார்.

"எந்தப் படத்துல?"

"நீங்க கொன்ன படத்துல."

அவர் பசைக் கையோடு அப்படியே இருந்தார். மறுக்கவில்லை. கவிதை அனுப்பி அனுப்பித் திரும்பி வந்ததையும், சினிமாவைப் பற்றி எழுதுங்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டதையும், கொட்டகைப் பக்கம் போனால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்ததையும் சொன்னார். "நீ சொன்னதத்தானே எழுதினேன் ஸ்டெல்லா. ஒரு வரிகூட நானா சேர்க்கல."

"அப்ப என் பேர போட்டிருக்கலாமே."

"பொம்பள பேரு போட்டா யாரு நம்புவா?"

"இத்தன வருஷமா யார நம்பினாங்க?"

என்னைப் பஸ் ஏற்றிவிட வந்த வழியில்தான் அக்கா அழுதார். "சோறு போடும்போதெல்லாம் 'அப்புறம், அப்புறம்'னு கேப்பாரு. என் பேச்ச ஆசையா கேக்கறாருன்னு நெனைச்சேன்லா" என்றார். ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன். "நீ அவரு மனசுக்குள்ள போய்ப் பாத்தியா?" என்றார்.

அருளப்பன் சாரே பத்திரிகையின் ஈப்போ நிருபரிடம் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் உண்மையைச் சொன்னார். அந்த மாதத்திலிருந்து 'மேரி ஸ்டெல்லா' என்ற பெயரிலேயே விமர்சனம் வந்தது. எங்கள் பெண்கள் முதலில் நம்பவில்லை. "நம்ம ஸ்டெல்லாக்காவா? யாரோ எழுதிக் கொடுக்கறாங்க" என்றார்கள். அக்காவின் எழுத்து வேறு மாதிரி இருந்தது. எங்கே உட்கார்ந்து பார்த்தார், டிக்கெட் சொந்தமாக வாங்கியதா என்பதைத்தான் முதலில் எழுதுவார். 'நான் தாமதமாகப் போனேன். தொடக்கம் தெரியாது. பார்த்தவர்களைக் கேளுங்கள்' என்று ஒருமுறை எழுதினார். 'மத்தியில் தூங்கிவிட்டேன். குற்றம் படத்துடையதா, வாரம் முழுக்க காலர் தைத்த என் உடம்புடையதா என்று சொல்ல முடியவில்லை' என்று இன்னொருமுறை. கொட்டகைக்காரர்கள் இலவசச் சீட்டு அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார். நம்பாதவர்கள்கூட மெல்ல அவர் எழுத்தை வைத்தே ஞாயிற்றுக்கிழமையை முடிவு செய்யத் தொடங்கினார்கள். அவர் பிடிக்கவில்லை என்று எழுதிய படங்களுக்குக்கூட நான் போனதுண்டு. ஏன் பிடிக்கவில்லை என்று அவர் எழுதியிருந்ததே எனக்குப் பிடித்துப்போகும்.

வீட்டில் மட்டும் கதை சொல்வதை அடியோடு நிறுத்தியிருந்தார். நெடுநாள் கழித்து ஒரு நாள் சாப்பிடும்போது சார் கேட்டாராம், "படம் எப்படி?" என்று. "எதுக்குக் கேக்குறீங்க?" என்றாராம் அக்கா. "சும்மா" என்றாராம் அவர். "அந்த சும்மாவ நம்பலாமா?" என்று மெஷினை நிறுத்திவிட்டு அக்கா என்னிடம் கேட்டார். தெரியவில்லை என்றேன். அடுத்த ஞாயிறு பாதிக் கதைதான் சொன்னாராம். சார் மறுநாளும் மீதியைக் கேட்டாராம்.

வீடியோ கேசட் வந்ததும் கொட்டகைகள் காலியாயின, அக்காவின் பத்தியும் நின்றது. வாடகைக்குக் கேசட் எடுத்து வீட்டிலேயே பார்த்தார். அக்காவின் அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, அருளப்பன் சார் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ஒரு கேசட் பாத்தா. பாதிதான் சொன்னா. தூக்கம் வருதுன்னு படுத்தா." அவர் பேர் சொன்ன அந்தப் படத்தை நான் பார்த்திருந்தேன். முடிவு எனக்குத் தெரியும். "சொல்லட்டுமா சார்?" என்றேன். வேண்டாம் என்று தலையை அசைத்தார். "அவ சொல்லாதது எனக்கு எதுக்கு?" என்றார். அதைக் கேட்க அக்கா இல்லாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சந்தேகப்பட எல்லாருக்கும் தெரியும். அக்கா பழக்கிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். ஆனால் சந்தேகப்பட்டது தப்பு என்று தெரிந்த மறுநாளே பஸ் ஏறி வந்து, நாலு பேர் பார்க்க, வாசலில் நின்று சொன்னவர் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான். "நீ இல்ல" என்ற அந்தக் குரலை நான் வைத்திருக்கிறேன்.