அவருக்குக் குறைத்த சோறு

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு அரிசி மில்லில் கணக்கு எழுதும் வேலை. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பார். ஆள் நல்ல கனம். வாசற்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அவருடைய அப்பா இதே உடம்போடு, நாற்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவர். அதனால், சோற்றைப் பாதியாகக் குறைக்கணும், தினமும் நடக்கணும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது அவரைவிட நான்தான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். விடியற்காலையில் திருப்புலிவனம் வரை நடந்துபோய்த் திரும்புவார். சோறு போடும்போது நான் பாதியோடு கையை நிறுத்திவிடுவேன். மனுஷர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். இப்படி ஒரு வைராக்கியமா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் புருஷன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்டாட்டி உட்காருவாள். அவர் அரை வயிற்றோடு எழுந்துபோன தட்டில் நான் எப்படி நிறையப் போட்டுக்கொள்வது? கை வரவில்லை. அவருக்குப் போட்டதைவிட ஒரு பிடி குறைத்தே போட்டுக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். ஆனால் வேலை குறையுமா? தண்ணீர் சேந்துவது, நெல் அவிப்பது, மாடு பார்ப்பது எல்லாம் அப்படியே. ஒருநாள் கிணற்றடியில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாசம் போயிருக்கும். அவித்துக் காயவைத்த நெல்லை அரைக்க மில்லுக்குக் கொண்டுபோனேன். மூட்டையை நிறுத்ததும் தராசுக்காரர் விளையாட்டாக இவரையும் ஏறச் சொன்னார். இவர் நழுவப் பார்த்தார். நான்தான் ஆசையாகப் பிடித்து ஏற்றினேன். பழைய எடையில் இம்மியும் குறையவில்லை. இவ்வளவு பட்டினி கிடந்தும் குறையவில்லையென்றால் உள்ளே ஏதோ பெரிய வியாதிதான் என்று அங்கேயே அழுதுவிட்டேன். என்னைச் சமாதானப்படுத்தத்தான் என்னையும் ஏற்றினார்கள். பொங்கலுக்கு முன்னால் ஒருதரம் ஏறியிருந்தேன், அது தராசுக்காரருக்கு நினைவிருந்தது. அந்தக் கணக்குக்குப் போட்ட எடைக்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணன் அப்டியேதான் கீறாரு. அண்ணிதான் எளைச்சிப் பூட்டாங்க."

இவர் வேலையைப் போட்டுவிட்டு என்னோடு வீட்டுக்கு வந்தார். வந்ததும் கேட்டார்.

"நீ தெனம் இன்னா துன்ற?"

"நீங்க துன்றதுக்கு மேல எனக்கு எப்டி எறங்கும்?" என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. அவர் நடந்துபோகிற இடத்தில் ஓர் இட்லிக் கடை. நடந்த பசி ஒருபக்கம், அதுதான் இவ்வளவு தூரம் நடந்துவிட்டோமே என்ற தைரியம் ஒருபக்கம். தினமும் அங்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பியிருக்கிறார். இந்த வைராக்கியத்துக்கா நான் பெருமாள் கோயிலில் விளக்கு போட்டேன்! ஆத்திரம் தீரத் திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே, வியாதி இல்லை, வெறும் இட்லிதான் என்ற நிம்மதியில் சிரிப்பும் வந்து தொலைத்தது. அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. எழுந்துபோய், அதுவரை தொட்டே அறியாத சோற்றுக் கரண்டியை எடுத்து, என் தட்டு நிறையப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"துன்னு. நான் பாக்கணும்."

அன்றிலிருந்து சேர்ந்தே சாப்பிட்டோம். பார்த்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். காலையில் நானும் கூட நடந்தேன், கடைப் பக்கம் அவர் தலை திரும்பாமல் பார்த்துக்கொள்ள. ஓடியாடி வேலை செய்கிற எனக்கு நிறைய, உட்கார்ந்து எழுதுகிற அவருக்குக் கொஞ்சம் என்று ஆனது. மெதுவாக இளைத்தார், மூச்சு வாங்குவதும் நின்றது. அப்பாவின் வயதைத் தாண்டி, பேரன் கல்யாணம் வரைக்கும் இருந்தார்.

இப்போது தனியாகத்தான் சாப்பிடுகிறேன். ஒருத்திக்கு என்ன பெரிய சாப்பாடு என்று கரண்டியைப் பாதியில் நிறுத்தும்போதெல்லாம் அவர் எதிரில் உட்கார்ந்து பார்ப்பதுபோல இருக்கும்; இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள்வேன்.