வளவில் ஒரு குளம்

என் கணவர் கத்தாரிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த மறுநாள் காலை என்னிடம் கேட்டது மண்வெட்டியை. பயண அலுப்புத் தீரப் படுத்து எழும்புவார், பிறகு சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவார் என்று நான் நினைத்திருந்தேன். அவரோ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டுக்கும் மகளுக்காகக் கட்டத் தொடங்கியிருந்த வீட்டுக்கும் நடுவில் கிடந்த வெறும் மண்ணைக் கொத்த ஆரம்பித்தார்.

"என்னத்துக்கு இந்தக் கிடங்கு?" என்று கேட்டேன்.

"மீன் வளக்க."

"கூப்பிடு தூரத்தில கடல் இரிக்கி. அதில இல்லாத மீனா?"

"அது திங்கிற மீன். இது பாக்கிற மீன்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்து முடிந்ததும் இருவருக்கும் அடுத்து என்ன பேசுவதென்று தெரியவில்லை. அப்போதெல்லாம் அப்படித்தான் இருந்தோம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான். என் உம்மா எனக்குத் தந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் இவர். வந்து கொஞ்ச நாளில், மகள் என் வயிற்றில் இருக்கும்போதே, வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பணக்கார வீட்டில் சாரதி வேலை. லீவில் வருவார்; இறைச்சியும் றாலுமாக ஆக்கிப் போடுவோம்; வீடு நிறைய ஆட்கள் வந்து போவார்கள்; பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த மனிதர் இனிப் போகமாட்டார் என்று வந்து நின்றபோது, சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. மகள் அவரைக் கண்டால் சட்டென்று எழும்பி நின்று மரியாதையாக வழிவிடுவாள். வீட்டில் ஒரு வாப்பா இருப்பது எப்படியென்று அவள் பழகியிருக்கவில்லை.

மகளின் வீட்டுக்கு வாங்கியதில் மிஞ்சிய கல்லையும் சீமெந்தையும் வைத்து அவரே குளத்தைக் கட்டினார். மேசனைக் கூப்பிடச் சொன்னேன், கேட்கவில்லை. பூச்சு ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமாக வந்தது. புதுச் சீமெந்தின் காரம் மீனைக் கொன்றுவிடும் என்று கடைக்காரர் சொல்லியனுப்பியதால், வாழைத்தண்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு ஊற வைத்தார். தண்ணீர் கறுத்து நாறியது. இறைத்து ஊற்றி, திரும்பவும் வாழைத்தண்டு போட்டார். அயலில் உள்ளவர்கள் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்து, "மீனுக்கு வாழைத்தண்டுக் கறியா ஆக்கிறீங்க?" என்று பகிடி பண்ணிவிட்டுப் போனார்கள்.

பிறகு ஒரு நாள் கல்முனையிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கினார். மடியிலும் காலடியிலும் தண்ணீர் நிறைத்த பொலித்தீன் பைகள். பையை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். பாவாடை போல வால் விரிந்த தங்கமீன்கள், வெள்ளையில் சிவப்புத் திட்டுப் போட்ட கோய் கெண்டைகள், விரல் நுனியளவு கப்பிகள், கறுப்பு மோலிகள், தட்டையாக நிமிர்ந்து நிற்கும் ஏஞ்சல்கள், உடம்பில் வரி விழுந்த புலிமீன்கள்.

"எல்லாத்தையும் ஒண்டாவா விடப்போறீங்க?"

"ஓம். எல்லாம் மீன்தானே." பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் வேல செஞ்ச வீட்டுத் தோட்டத்திலயும் ஒரு குளம் இரிந்த. நான்தான் கழுவுறது. ஒரே சாதி, ஒரே நிறம். அந்தக் கரையில இரிந்துதான் மகள்ட போட்டோவப் பாக்கிறது. நமக்கெண்டு ஒண்டு கட்டினா எல்லா வகையும் விடோணும் எண்டு நினச்சன்."

ஒரு கிழமைகூட அந்தக் குளம் நன்றாக இருக்கவில்லை. தங்கமீன்களின் வால்கள் கந்தலாகத் தொடங்கின. புலிமீன்கள் பின்னாலேயே திரிந்து கடித்துக்கொண்டிருந்தன. கப்பிகள் ஒவ்வொன்றாகக் காணாமற் போயின. செத்து மிதந்த ஒரு தங்கமீனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்துத்தான் மகள் கைபேசியோடு கீழே இறங்கிப் போனாள்.

"வாப்பா, இதுகள் எல்லாத்தையும் ஒண்டா வெக்கக் கூடாது. பாருங்க, போட்டிரிக்கி. ஏஞ்சல் கப்பியத் திங்கும். புலிமீன் நீட்டு வாலக் கண்டா விடாது."

"அப்ப என்ன மகள் செய்யிற?"

"எது எதோட ஒத்துப் போகும் எண்டு பாத்து வெக்கோணும்."

அவள் பிறந்ததிலிருந்து இருவரும் அவ்வளவு நேரம் கதைத்து நான் கண்டதில்லை. அன்று பகல் முழுவதும் நனைந்துகொண்டு நின்றார்கள். ஏஞ்சல்களைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தார்கள். புலிமீன்களுக்குப் பழைய கண்ணாடித் தொட்டியொன்றைத் தேடிப் பிடித்தார்கள். ஒரு மூலையில் நுளம்பு வலையால் மறைப்புக் கட்டி, பாசியும் போட்டுக் கப்பிகளைக் குடியிருத்தினார்கள். கெண்டையும் தங்கமீனும் ஒத்துப் போயின. மோலிகள் எல்லோரோடும் ஒத்துப் போயின. அதற்குப் பிறகு பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தாரென்றால் குளத்தங்கரையில்தான் தேத்தண்ணி. நானும் போய் இருப்பேன். மகளும் வருவாள். சொல்லும்படியாக எதையும் பேசமாட்டோம். இந்த மோலி சினைப்பட்டிருக்கிறது, அந்தக் கெண்டை பொல்லாதது, நாளைக்கு என்ன கறி. கலியாணம் முடித்து இத்தனை வருடம் கழித்துத்தான் அவர் தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி விரும்புவார் என்று நான் கேட்காமலே போடப் பழகினேன்.

அப்படி இருக்கும்போதுதான் நாட்டில் டொலர் இல்லாமற் போனது. கொண்டு வந்த காசில் அவர் பசாரில் தொடங்கியிருந்த தரையோடு விற்கும் கடைக்குச் சாமான் வருவது நின்றது. வெறும் தட்டுகளைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வருவார். கரண்ட் போகும், மீனுக்குக் காற்று ஊதும் மோட்டர் நின்றுவிடும், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். அவரும் மகளும் ஆளுக்கொரு யக்குக் குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஊற்றினால் தண்ணீரில் காற்றுக் கலக்குமாம். கை உளையும்வரை ஊற்றுவார்கள்.

மகளின் வீடு சுவரோடு நின்றுவிட்டது. சீமெந்து விலையைக் கேட்கவே பயம். அவளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், அவசரப்படுத்தவில்லை. ஆனாலும் வீடில்லாமல் குமரை எப்படிக் கொடுப்பது என்று இவருக்குத் தூக்கமில்லை.

ஒரு நாள் குளத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "கூரையப் போடுற மட்டும் திரும்பக் கத்தாருக்குப் போயிட்டு வாறன்."

"இந்த வயசிலயா?"

"வேற வழி இரிந்தாச் சொல்லு."

அவருடைய தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கினேன்.

புறப்பட்ட காலையில் வேன் வாசலில் வந்து நின்றது. அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் மீனுக்குத் தீன் தூவிக்கொண்டு நின்றார். "கெண்டைக்குக் கூடப் போடாத. அதுகளுக்குப் போதும் எண்டு சொல்லத் தெரியா" என்றார். பிறகு மகளின் தலையில் கை வைத்து ஓதி ஊதினார். என்னிடம், "ஒண்டுக்கும் யோசிக்காத" என்றார்.

பழைய வீட்டுக்காரர்கள் வேறு சாரதி எடுத்திருந்தார்கள். இந்த முறை கிடைத்தது ஒரு களஞ்சியத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. அவர் அதைச் சுகமான வேலை என்றே சொன்னார். தினமும் வீடியோ கோல் எடுப்பார். நான் கைபேசியைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிப் பிடிக்கவேண்டும். "கப்பிக் குஞ்சுகள் எங்க? மூலையக் காட்டு. அந்த ஒத்தக் கண் மோலி இரிக்கா?" என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். ஒரு நாள் கை தவறிக் கமெரா என் பக்கம் திரும்பிவிட்டது. குளத்துக்குத் திருப்பப் போனேன்.

"வேணாம், இரி" என்றார். "கொஞ்ச நேரம் நீ இரி."

அவர் முகம் கறுத்து வற்றியிருந்தது. கேட்டால், இங்கே வெயில் அப்படி என்பார்.

மகளின் வீட்டுக்குக் கூரை ஏறியது. ஓடு போட்டு முடிந்த படத்தை அனுப்பினேன். 'மாஷா அல்லாஹ்' என்று எழுதி, கீழே ஒரு மீன் படமும் போட்டிருந்தார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. மறுநாள் பகல் அவருடைய இலக்கத்திலிருந்துதான் கோல் வந்தது. குரல் அவருடையதல்ல. அறையில் கூட இருக்கும் பொடியன் ஒருவன், அவனும் இந்தப் பக்கத்தவன். "ராத்தா, வீட்டில பெரியாக்கள் ஆரும் இரிக்காங்களா?" என்று கேட்டான். எனக்கு அதிலேயே விளங்கிவிட்டது.

என் மூத்த சகோதரர், காக்காதான் எல்லாம் கதைத்தார். என் முன்னால் வந்து குந்திக்கொண்டு, "மையத்தக் கொண்டு வாறதெண்டா நாளெடுக்கும். அங்கயே அடக்கிறதெண்டா இண்டைக்கே அடக்கலாம். என்னகா செய்வம்?" என்று கேட்டார்.

"அங்கயே அடக்கச் சொல்லுங்க" என்றேன். அவரைக் குளிரூட்டிய பெட்டியில் காக்க வைக்க மனம் வரவில்லை. எங்கள் பள்ளியில் அவருக்காக, தூரத்தில் இறந்தவருக்குத் தொழும் மறைவான ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். வீடு நிறையச் சனம் வந்தது. ஆனால் வீட்டில் மையத்து இல்லை. குளிப்பாட்ட ஆள் தேடவில்லை, கபன் துணி வெட்டவில்லை, மையத்துத் தூக்கும் சந்தூக்கு வாசலுக்கு வரவில்லை. வந்த பெண்கள் எங்கே இருந்து அழுவதென்று தெரியாமல் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

கணவன் மௌத்தானால் பெண் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் இத்தாவில் நான் இருந்தேன். புது வீட்டில் ஆண்கள் பூச்சு வேலை செய்துகொண்டிருந்ததால் வளவுக்கு இறங்க முடியாது. அறையின் சன்னலால் குளம் தெரியும். மகள்தான் தீன் போட்டாள், சமைத்தாள், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். அவள் அழவே இல்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று காக்கா ஒரு மீன் வாங்கி வந்து குளத்தில் விட்டார். கறுப்பில் செம்மஞ்சள் கோலம் போட்ட, வடிவான மீன். பெயர் ஒஸ்காராம். கலங்கிப்போன மனுஷன், மருமகளுக்கு மீன் பிடிக்குமென்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். அது எதோடு ஒத்துப் போகும் என்று மகளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இருவருக்கும் அப்போது எதையும் கேட்கும் நினைப்பில்லை.

மழை தொடங்கியிருந்தது. தண்ணீர் ஏறி, மூலையிலிருந்த வலை மறைப்புச் சரிந்துவிட்டது. கப்பிகள் முடிந்தன. பிறகு மோலிகள். வெயில் வந்த ஒரு காலை நேரம் சன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சிறிய தங்கமீனை அந்த மீன் வாயில் கவ்விக்கொண்டு போவது தெரிந்தது. வால் மட்டும் வெளியே துடித்தது.

"மகள்! அந்த மீனப் புடி! காக்கா கொண்டு வந்தத!"

அவள் குசினியிலிருந்து கையிலிருந்த பேசன் பாத்திரத்தோடு ஓடி வந்தாள். வலையைத் தேடவில்லை. உடுத்த உடுப்போடு குளத்துக்குள் இறங்கிவிட்டாள். பேசனைப் போட்டு அமத்துகிறாள், அது நழுவுகிறது, திரும்பவும் அமத்துகிறாள். கடைசியில் மூலையில் ஒதுக்கிப் பிடித்துக் கரையில் வைத்தாள். வைத்துவிட்டு, வலை சரிந்த மூலையில் இரண்டு கையாலும் பாசியைக் கிளறினாள். ஒன்றுகூட இல்லை. முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டே வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

"வாப்பா பாத்துப் பாத்துச் சேத்து வெச்ச. எல்லாத்தையும் திண்டுட்டு உம்மா. ஒண்டும் இல்ல உம்மா."

பூச்சு வேலைக்காரர்கள் கரணையைக் கீழே போட்டுவிட்டு மறுபக்கம் போய் நின்றார்கள். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வா மகள், உள்ளுக்கு வா" என்று கூப்பிட்டேன். நனைந்தபடியே வந்து என் மடியில் விழுந்தாள். அவர் மௌத்தாகி அதுவரை நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக அழுதிருக்கவில்லை. அன்றைக்கு அழுதோம்.

இத்தா முடிந்த பின்னர் நிக்காஹ்வைச் சுருக்கமாக முடித்தோம். மகளும் மருமகனும் புது வீட்டுக்குப் போனார்கள். குளத்தில் கெண்டைகளும் ஒரு பெரிய தங்கமீனும் மிஞ்சியிருந்தன. கப்பி வாங்கித் தரட்டுமா என்று மருமகன் கேட்டார். இப்போது வேண்டாம் என்றேன்.

அறையில் கூட இருந்த அந்தப் பொடியன் லீவில் வந்தபோது இவருடைய பெட்டியைக் கொண்டு வந்தான். சம்மாந்துறைப் பிள்ளை. தேத்தண்ணி கொடுத்தேன். கடைசியில் ஏதும் சொன்னாரா என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்ல ராத்தா. பகல் வேல முடிஞ்சி வந்தாரு. களைப்பா இரிக்கி எண்டாரு. படுத்தாரு. அவ்வளவுதான்."

போவதற்கு எழும்பியவன் வளவைச் சுற்றிப் பார்த்தான். "குளம் எங்க ராத்தா?" என்றான்.

அவன் அதன் பக்கத்தில்தான் நின்றான். காட்டினேன். குனிந்து பார்த்தான்.

"இதா?" என்றான். பிறகு, மனம் நோகுமோ என்று பயந்தவனைப் போல மெதுவாகச் சொன்னான்: "அவரு ஒவ்வொரு நாளும் குளத்தப் பத்திச் சொல்லுவாரு. நான் சரியான பெரிசாக்கும் எண்டு நினச்சிக்கிட்டிரிந்தன்."