ஏறியிருந்த மட்டம்

டாக்ஸி ஸ்டாண்டில் எல்லோருக்கும் அவர் அண்ணிதான். பூட்டிய கதவையும் ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகே படியிறங்குகிறவர். கணவர் இறந்த பின் அவருடைய டாக்ஸியைப் பகலில் அண்ணி ஓட்டினார். மாலையில் கொழுந்தன் ஓட்டினான்.

கொஞ்ச நாளாக எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் டப்பாவில் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. வண்டிக்கடியில் அட்டை விரித்து வைத்தார். ஒரு சொட்டு விழவில்லை. டப்பாவின் மேல் நகப்பூச்சால் கோடு போட்டார். மறுநாள் காலை மட்டம் கோட்டுக்கு மேலே நின்றது. குறைந்திருந்தால் கசிவு என்று விட்டிருப்பார். ஏறியிருந்தால் யாரோ ஊற்றியிருக்க வேண்டும். கொழுந்தன் எங்கோ இடித்துவிட்டு மறைக்கிறானோ? பம்பரைத் தடவிப் பார்த்தார். கீறல்கூட இல்லை. சந்தேகம் இன்னும் கூடியது.

எதுவும் கேட்காமல் அவனையும் ஏற்றிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் மெக்கானிக் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். விரலில் தொட்டுப் பார்த்தார். "பச்சை வெளுத்துப் போச்சே. பாதி வெறும் தண்ணி, அக்கா."

அண்ணி கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

மூடி இருந்த இடத்தில் கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினார் மெக்கானிக். பம்பின் மீட்டர் முள் மெதுவாக இறங்கியது; எங்கோ கசிகிறது. ஹோஸ், வாட்டர் பம்ப் எல்லாம் காய்ந்தே கிடந்தன.

"உள்பக்கம் கண்ணாடில ஆவி படியுதா?"

"படியுது. மழைன்னு நெனச்சேன்."

அவர் முன்சீட்டுக் கால்மிதியைத் தூக்கினார். அடியில் பிசுபிசுவென்று ஈரம், தித்திப்பான வாடை. "டேஷ்போர்டுக்குப் பின்னால, வண்டிக்குள்ள சூடு தர்ற ஹீட்டர் ரேடியேட்டர் ஒண்ணு இருக்கு. அதுதான் ஒழுகுது. உள்ளேயே ஒழுகினா கீழ எப்படிச் சொட்டும்?"

"அப்ப தண்ணி ஊத்தினது யாரு?"

"நான்தான் அண்ணி," என்றான் கொழுந்தன். "ஹீட் முள்ளு ஏறிச்சு. நான்தான் கெடுத்தேன்னு சொல்வீங்களோன்னு..."

"சொல்லியிருப்பேன்," என்றார் அண்ணி. "ஆனா நீ சொல்லியிருக்கணும். எஞ்சின் வெந்திருந்தா ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்திருப்போம்."

டேஷ்போர்டைக் கழற்றிப் புது ஹீட்டர் ரேடியேட்டரை மாட்டி, கூலன்ட் நிரப்பி, காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டு மறுபடி அழுத்தம் ஏற்றினார் மெக்கானிக். இந்த முறை முள் அசையவில்லை. ஆனாலும் அண்ணி நெடுநேரம் மீட்டரை விட்டு நகரவில்லை.

திரும்பும்போது சாவியைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணி, ஹீட் முள்ள நான் பாத்துக்கறேன். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, கியர் போட முடியல."

"நீ ரோட்டப் பாரு," என்றார் அண்ணி.