அடுப்புக்கு மேல் வைத்த லப்டொப்

பாக்கியலெட்சுமி எனக்கு அறுநூற்றைம்பது ரூபாய் கடன்பட்டிருந்தார். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில், விரல் அளவேயான ஒரு சவுண்ட் கார்டுக்காகப் பட்ட கடன்.

அறுநூற்றைம்பது எனக்கு ஒரு காசா? பதுளை பஜாரில் மூன்று மாடிக் கடை வைத்திருப்பவன் நான். தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் ஓர் ஒற்றைக் காம்பிராவில் பிறந்தேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றேன். ஹாஷிம் நானாவின் ரேடியோ கடையில் தரை கூட்டப் போய், அங்கேயே ஈயம் வைத்து ஒட்டப் பழகி, கடைசியில் அந்தக் கடையையே விலைக்கு வாங்கினேன். முருகையா ரேடியோஸ் என்று கேட்டால் பசறையிலும் தெரியும், ஹாலி-எலையிலும் தெரியும். எனக்குக் கடன் வைத்த பெரிய மனிதர்களின் பெயரைச் சொன்னால் இந்த ஊரில் பல தலைகள் குனியும். அவர்களை விடுங்கள். எழுதவேண்டும் என்று உட்கார்ந்தால் இந்த அம்மாதான் முன்னால் வந்து நிற்கிறார்.

லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டம், அதில் மேல்கணக்கு என்கிற பிரிவு. அங்கே பிறந்து, அங்கேயே கொழுந்து எடுத்து, அங்கேயே பென்சன் வாங்கியவர். புருசன் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். ஒரே மகள் ஜெயலெட்சுமி. தாயும் மகளும் ரேடியோப் பைத்தியங்கள். நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை போட்டுவிட்டு, பாட்டுக்கு முன்னால் வாசிக்கும் பெயர்களில் தங்கள் பெயர் வருமா என்று காத்திருப்பார்களாம். எத்தனை அட்டை போட்டும் ஒருநாளும் வாசிக்கவில்லை. யார் யாரோ பெயரெல்லாம் வரும், இவர்கள் பெயர் வராது.

மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். நான்கு வருசம் கழித்து லீவில் வந்தபோது, எஜமானி வீட்டில் கழித்துக் கொடுத்த பழைய லப்டொப் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் நிறையப் பாட்டு. பாட்டு மட்டும் இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவளே அறிவிப்பாளர் மாதிரிப் பேசிப் பதிந்து வைத்திருந்தாள். திறப்பது எப்படி, மூடுவது எப்படி, எதை அமுக்கினால் பாட்டு வரும் என்று தாய்க்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

முதலில் லயமே வந்து கேட்டது. பிறகு மழைக்காலம் வந்தது. எங்கள் மலையில் அந்த மாதங்களில் துணி காயாது, நெருப்புக்குச்சி பற்றாது. அதனால் உப்பு, கருவாடு, நெருப்புப்பெட்டி, ரேடியோ, ரேடியோவின் பெற்றரி எல்லாம் அடுப்புக்கு மேலே கட்டிய பலகைக்குப் போகும். ஈரம் ஏறாமல் இருக்க அதுதான் இடம். பாக்கியலெட்சுமி லப்டொப்பையும் துண்டில் சுற்றி அங்கே வைத்தார். சூட்டிலும் கரியிலும் ஒருநாள் அதன் சத்தம் போனது. படம் வரும், எழுத்து வரும், பாட்டு ஓடுவது கண்ணுக்குத் தெரியும். சத்தம் மட்டும் வராது. லயத்து ஆட்கள் வருவதும் நின்றது.

யுத்தம் நடந்த நேரம், பஸ்ஸில் குண்டு தேடிச் சோதனை போட்ட காலம் அது. வயர் சுற்றிய பெட்டியோடு தனியாக ஒரு பொம்பிளை லுணுகலையிலிருந்து பதுளைக்கு வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இரண்டு இடத்தில் திறந்து காட்டிவிட்டுத்தான் வந்தார். என் மேசையில் வைத்து நான் திறந்ததும், கடை முழுக்க அடுப்படி வாசம்.

“ஏம்மா, இதென்ன கருவாடா, அடுப்புக்கு மேல வைக்க?”

“ரேடியோவ வைக்கிற எடம் முதலாளி. அந்த மனுசன் இருந்த நாள்லேர்ந்து அங்கதான் வைக்கிறோம். அதுக்கு ஒன்னும் ஆகலயே.”

“அது ரேடியோம்மா. கழுதைய மாதிரி, எங்க கட்டினாலும் நிக்கும். இது அப்படியா?”

“எனக்கு என்னங்க தெரியும். மக கொரல் அதுல இருக்கு. அது வந்தா போதும்.”

மகள் போன் எடுப்பது நின்று நாலு மாதம் ஆகிறது என்று பிறகு சொன்னார். எஜமானி போனை வாங்கி வைத்துக்கொண்டாளாம். ஏஜன்சிக்காரனைக் கேட்டால், நல்லாத்தான் இருக்கிறாள் என்கிறானாம். ஆக, மகளின் குரல் என்று அவருக்கு மிஞ்சியிருந்தது அந்தக் கரிப்பிடித்த பெட்டிக்குள் மட்டும்தான்.

விட்டுப்போகச் சொன்னேன். நான் தொட்டு ஓடாத சாமான் இந்த மாகாணத்தில் இல்லை. வால்வ் ரேடியோ பார்த்தவன், கோயில் திருவிழாக்களுக்கு அம்ப்ளிஃபயர் கட்டிக் கொடுத்தவன். ஆனால் அதன் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே எல்லாம் எறும்பு முட்டை அளவு. என் ஈயக்கோலின் நுனியே அதற்குப் பெரிது. மூடிவிட்டேன்.

என் இரண்டாம் மாடியை வாடகைக்கு எடுத்துக் கம்பியூட்டர் வகுப்பு நடத்தினார் சிவரூபி ரீச்சர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“உள்ளுக்கை சவுண்ட் போயிட்டுது ஐயா. போர்டு மாத்திறதெண்டால் ஒன்பதாயிரம் வரும்.”

“ஒம்பதாயிரமா? அந்தம்மா கொழுந்துக் கூடையோட வித்தாலும் வராதே ரீச்சர்!”

“ஏன் மாத்துவான்? வெளியாலை செருகிற சவுண்ட் கார்ட் ஒண்டு எடுங்கோ. கொழும்பிலை அறுநூறு எழுநூறுதான். பென் டிரைவ் மாதிரிச் செருகினால் சரி. உள்ளுக்கை இருக்கிற பழுதை அது தேடாது, தானே பாட்டுப் படிக்கும்.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு பேர் பிடித்துத் தூக்கும் செட்டுகளை விற்றவன் நான். அறுநூறு ரூபாய்ச் சாமானில் என்ன பாட்டுக் கேட்கும்? இருந்தாலும் கொழும்புப் பார்சலோடு ஒன்று வரவழைத்தேன். என் கட்டைவிரலைவிடச் சின்னது. நீல நிறம். பச்சையில் ஒரு துளை, ரோஸில் ஒரு துளை. லப்டொப்பின் பக்கத்தில் செருகினேன், சிவப்பு லைட் எரிந்தது. இயர்போனை மாட்டினேன். ஒரு சத்தமும் இல்லை.

“பாத்தீங்களா ரீச்சர், சொன்னேன்ல? அறுநூறு ரூபா!”

சிவரூபி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஐயா, நீங்கள் மைக் துளைக்குள்ளை குத்தி வச்சிருக்கிறியள். பச்சையிலை குத்துங்கோ.”

“நம்ம காலத்துல துளை ஒன்னுதான் ரீச்சர். தேடுற வேலையெல்லாம் இல்ல” என்று சொல்லி மாற்றிக் குத்தினேன். குத்தினதும் நாதஸ்வரம். என் கடையிலேயே நாற்பதாயிரம் ரூபாய்ச் செட் ஒன்று நின்றது. அதில் கேட்டதைவிடத் துப்புரவாக இருந்தது என்று சொன்னால் என் வியாபாரத்துக்குக் கூடாது. ஆனாலும் அதுதான் உண்மை.

அடுத்த கிழமை பாக்கியலெட்சுமி வந்தார். இயர்போனில் ஒன்றை அவர் காதில் வைத்துவிட்டு, சத்தம் சரியா என்று பார்க்க மற்றதை என் காதில் வைத்துக்கொண்டேன். ஒரு பாட்டு முடிந்தது. ஒரு பெண்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினாள்.

“அடுத்த பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர்கள், லுணுகலை மேல்கணக்கு லயத்திலிருந்து பாக்கியலெட்சுமி...”

“ஆமாங்க” என்றார் பாக்கியலெட்சுமி. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டால் சொல்வார்களே, அதே மாதிரி. சொன்னதோடு முக்காலியிலிருந்து எழுந்தும் நின்றுவிட்டார்.

“...மகள் ஜெயலெட்சுமி, பக்கத்துக் காம்பிரா விஜயலெட்சுமி, மற்றும் எங்கள் ஆடு கருப்பி.”

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அது தெரியவில்லை. பாட்டு முடியும்வரை உட்காரவும் இல்லை. ஆயிரக்கணக்கில் பாட்டுக் கெசட் விற்ற கடை என்னுடையது. என் மகன்மார் இருவரும் கனடாவில். அவர்கள் குரல் இருக்கும் கெசட் ஒன்றுகூட அந்தக் கடையில் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் காதில் இருந்ததைக் கழற்றி, அதையும் அவர் கையில் கொடுத்தேன்.

“எவ்வளவுங்க?”

“கார்ட் அறுநூத்தம்பது. நம்ம கூலி வேணாம். அந்தக் காசும் வேணாம், வச்சுக்கம்மா, போ.”

“சும்மா வேணாங்க. கொண்டாந்து தாரேன்.”

போனவர் மாதக்கணக்கில் வரவில்லை. நான் மறந்தும் போனேன். எத்தனையோ பேரை மறந்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, நல்ல வெயில், கடைவாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார். முன்பைவிட மெலிந்திருந்தார்.

“என்னம்மா, திரும்ப அடுப்புல ஏத்திட்டியா?”

“இல்லீங்க. தகரப்பெட்டியில உடுப்புக்கு நடுவுல வச்சிருக்கேன். அந்த நீலத்த மட்டும் கழட்டி மடியில கட்டிக்குவேன்.”

“மக பேசுனாளா?”

“ஒரு தடவ வந்துச்சு. ரெண்டு நிமிசம். இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாளாம். காசு அனுப்புறேன், கூரை மாத்துன்னு சொன்னா. கட்டாயிருச்சு.”

உட்காரச் சொன்னேன். தேத்தண்ணி சொல்லி அனுப்பினேன். அவர் உட்காரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“நாந்தான் வேணாம்னேனே. இந்தக் காசுலயாம்மா நான் மாடி கட்டப் போறேன்?”

“நீங்க எத்தன மாடியும் கட்டுங்க முதலாளி. இது மக அனுப்புன காசு இல்ல. ஞாயித்துக்கெழம கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தது. எலும்பு நோவுது, கொஞ்சங் கொஞ்சமாத்தான் சேந்துச்சு. இன்னும் ரெண்டு வருசத்துக்கு எனக்கு அவ பேசுறது அதுலதான். மக கொரலக் கடனுக்கு வச்சிக் கேக்க எனக்கு மனசு வல்லங்க.”

கல்லாவைக் காட்டினேன், அதில் போடட்டும் என்று. அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

“கையில வாங்குங்க.”

கையை நீட்டினேன். ஈரம் ஏறிய நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். பிறகு இருபதுகள், பத்துகள். கடைசியாகச் சில்லறையை உதடு அசையாமல் எண்ணி, தாள்கள் பறக்காதபடி அவற்றின் மேலே, என் விரித்த உள்ளங்கையில் வைத்தார்.